அணியை வாங்க வருகிறவர்கள் முதலில் கணக்கைக் காட்டட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பேராக் காற்பந்து அணியைச் சில தொழிலதிபர்கள் கூட்டாகச் சேர்ந்து மறுபடியும் தூக்கி நிறுத்தப் போகிறார்கள் என்று எங்கள் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடைகளில் மாதத்துக்கு ஒரு கதை ஓடுகிறது. ஒரு மாதம் கோலாலம்பூர்க்காரர்கள் என்கிறார்கள், அடுத்த மாதம் சிங்கப்பூர்ப் பணம், அதற்கடுத்த மாதம் யாரோ ஒரு டத்தோ. எதற்கும் ஆதாரம் கிடையாது. ஆனாலும் கதையைக் கேட்டவுடன் நம் ஆட்களுக்குக் கண் பளபளக்கிறது, எந்த வெளிநாட்டு ஆட்டக்காரரை வாங்குவார்கள், பயிற்றுநர் யார், ஜெர்சி என்ன நிறம் என்று பேச்சு போய்விடுகிறது. சம்பளத்துக்கு யார் பொறுப்பு என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பேராக் அணி என்ன சாதாரண அணியா? இன்றைய மலேசியக் கிண்ணமான மலாயாக் கிண்ணம் 1921இல் தொடங்கியது, 1926இலேயே பேராக் அதை வென்றுவிட்டது. 2002, 2003 இரண்டு வருடமும் லீக் சாம்பியன். 2018 மலேசியக் கிண்ண இறுதியாட்டத்தை மறக்க முடியுமா, திரங்கானுவிடம் பின்தங்கி, ஆட்டம் முடிகிற கடைசி நிமிடங்களில் பிரண்டன் கான் அடித்து 3-3 ஆக்கி, அப்புறம் பெனால்டியில் வென்ற அந்த இரவில் எங்கள் ஊரில் பட்டாசு வெடித்தார்கள், வரப்போகிற தீபாவளிக்கு வாங்கி வைத்ததாக இருக்கும். அதற்கு ஏழே வருடத்தில், 2025/26 பருவத்தில், சூப்பர் லீக் பட்டியலில் பேராக் இல்லை. கெடா இல்லை. பகாங்கும் இல்லை. மூன்றுமே மலேசியக் கிண்ணத்தைத் தூக்கிய மாநிலங்கள்.

இது திடீரென்று வந்த வியாதி இல்லை. 2022 முடிந்ததும் மலாக்கா யுனைடெட்டும் சரவாக் யுனைடெட்டும் உரிமம் கிடைக்காமல் வெளியே போயின. அதே சமயம் பெட்டாலிங் ஜெயா சிட்டி தானாகவே விலகியது. அது நம்மவர்களுக்கு வலிக்க வேண்டிய கதை. மலேசிய இந்தியர் காற்பந்துச் சங்கத்தின் அணியாக, மிஃபா என்ற பெயரில் கிளம்பி, கீழ் லீக்குகளில் இருந்து மேலே ஏறிய கிளப் அது. கடைசிக் காலத்தில் பி. மணியம் பயிற்றுநராக இருந்து, வெளிநாட்டு ஆட்டக்காரர் ஒருவர்கூட இல்லாமல் உள்நாட்டுப் பையன்களை மட்டும் வைத்து சூப்பர் லீக்கில் தாக்குப்பிடித்துக் காட்டினார்கள். அப்படியும் ஒரு நாள் உரிமையாளர் தரப்பு போதும் என்றது, கிளப் முடிந்தது. நம்மில் எத்தனை பேர் அதைப் பற்றி ஒரு வாரத்துக்கு மேல் பேசினோம்? அடுத்து கிளந்தான் எஃப்சி. 2020இல் ஒரு தனியார் முதலாளி வாங்கினார், பெரிய பெரிய பேச்சு, 2024க்கு உரிமம் கிடைக்கவில்லை.

முன்பெல்லாம் மாநிலக் காற்பந்துச் சங்கம்தான் அணியை நடத்தும், மந்திரி பெசார் தலைவராக இருப்பார், மாநில அரசு நிறுவனங்கள் பணம் போடும், போதாவிட்டால் இன்னும் கொஞ்சம் போடும். அது நல்ல முறை என்று நான் சொல்ல மாட்டேன், மக்கள் வரிப்பணத்தில் இறக்குமதி ஆட்டக்காரருக்குச் சம்பளம் கொடுத்த காலம் அது. சரி, அதனால்தான் கிளப்புகள் தனி நிறுவனமாக வேண்டும், தனியார் முதலீடு வர வேண்டும் என்று மாற்றினார்கள். 2020, 2021 வாக்கில் எல்லா அணியும் பெயருக்குப் பின்னால் எஃப்சி போட்டுக்கொண்டது. பெயர் மாறிய வேகத்தில் வரவு மாறவில்லை. டிக்கெட் விற்று வருகிற பணம் கொஞ்சம், தொலைக்காட்சி உரிமைப் பணம் அதைவிட நிச்சயமில்லாதது, விளம்பரதாரர் வருவார் போவார், ஆனால் மாதக் கடைசியில் முப்பது ஆட்டக்காரருக்குச் சம்பளம் வந்தாக வேண்டும். இந்தக் கணக்கு ஒத்துப்போகாது என்று தெரிந்தே கிளப்பை வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஏன் வாங்குகிறார்கள் என்றால், ஒன்று பெயருக்காக, இல்லை வேறு ஏதோ வாசல் திறக்கும் என்ற நம்பிக்கையில். வாசல் திறக்கவில்லை என்றால் கிளப்பை விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

சம்பளம் வராமல் போவது என்றால் என்ன என்று பேப்பரில் படிக்கிறவர்களுக்குப் புரியாது. எனக்குத் தெரிந்த ஒரு பையன் இருக்கிறான், பக்கத்துத் தோட்டத்தில் பிறந்தவன், அப்பா செம்பனைக் குலை அறுக்கிறவர். ஒரு கிளப்பில் இரண்டு பருவம் ஆடினான். எந்த கிளப், எந்த மாநிலம் என்று எழுத மாட்டேன், அவன் இன்னும் ஆட வாய்ப்புத் தேடிக்கொண்டிருக்கிறான். ஒரு நாள் என் கடையில் லோரி டயர் மாற்றக் காத்திருந்தபோது போனை எடுத்து ஊழியர் சேமநிதிச் செயலியைத் திறந்து காட்டினான். ஜனவரி இருக்கிறது, பிப்ரவரி இருக்கிறது, அப்புறம் ஒன்றுமில்லை, ஜூனில் ஒரு வரி, மறுபடியும் ஒன்றுமில்லை. அவன் பங்கைச் சம்பளச் சீட்டில் பிடித்திருக்கிறார்கள், சீட்டையும் வைத்திருக்கிறான், கட்டத்தான் இல்லை. முழங்கால் அடிபட்டபோது தொழிலாளர் காப்புறுதி தருகிற சொக்சோவுக்குப் போனால் அங்கேயும் இதே கதை. பதினெட்டு வயதில் இருந்து வேறு வேலை தெரியாத பையன். இப்போது ஈப்போவுக்கும் தைப்பிங்குக்கும் நடுவே சரக்கு வேன் ஓட்டுகிறான். "அண்ணே, ஸ்டேடியத்துல என் பேரைச் சொல்லிக் கத்துவாங்க, மறுநாள் காலையில வாடகைக்கு வீட்டுக்காரம்மா கதவைத் தட்டுவாங்க" என்றான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

இதைச் சொன்னால் உடனே ஜொகூரைப் பார் என்பார்கள். பார்த்தேன். 2013இல் ஜொகூர் டாருல் தக்சிம் என்று பெயர் மாற்றி, 2014இல் இருந்து வருடா வருடம் லீக்கை வென்று, 2015இல் ஏஎஃப்சி கிண்ணத்தை வென்ற முதல் தென்கிழக்காசிய கிளப்பாகி, 2020இல் இஸ்கந்தர் புத்ரியில் 40,000 பேர் உட்காரும் சொந்த அரங்கம் கட்டிவிட்டார்கள். திடல், பயிற்சி நிலையம், பொடியன்களுக்கான அணிகள் எல்லாமே முதல் தரம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, எதிர்த்து ஆடுகிற அணிகள்தான் பாவம். ஆனால் அதற்குப் பின்னால் நிற்பது ஓர் அரச குடும்பம். ஈப்போவில் யார் அப்படி நிற்கப் போகிறார்கள்? ஜொகூரைப் பார்த்து அதே மாதிரி செலவு செய்யப் போய் மற்ற கிளப்புகள் விழுந்ததுதான் கடந்த பத்து வருடக் கதை என்பது என் கட்சி. ஒப்பிட வேண்டுமானால் ஈப்போ அளவுள்ள, அரசரும் இல்லாத, எண்ணெய்ப் பணமும் இல்லாத ஊர்களோடு ஒப்பிட வேண்டும்.

அப்படி ஓர் ஊர் லூயிவில். அமெரிக்காவில் கென்டக்கி மாநிலம். நம்ம முகமது அலி பிறந்த ஊர் என்றால் உங்கள் வாசகர்களுக்குச் சட்டென்று விளங்கும், 1975இல் மெர்டேக்கா அரங்கில் ஜோ பக்னரோடு மோதினாரே, அவர்தான். (எங்கள் அப்பா அந்தச் சண்டையைத் தோட்டத்துக் கிராணி வீட்டு டிவியில் பார்த்ததாகச் சாகும் வரை சொல்லிக்கொண்டிருந்தார்.) குதிரைப் பந்தயத்துக்கும் பேஸ்பால் மட்டைக்கும் பெயர் போன ஊர். காற்பந்துக்கு அங்கே பெரிய வரலாறு ஒன்றும் கிடையாது. ஒர்லாண்டோவில் இருந்த மூன்றாம் கட்ட அணியின் உரிமத்தை உள்ளூர் ஆட்கள் சிலர் கூட்டாக அங்கே கொண்டுவந்து, 2015இல் லூயிவில் சிட்டி என்று ஆட ஆரம்பித்தார்கள்.

அவர்கள் முதல் வருடமே அரங்கம் கட்டவில்லை. ஐந்து பருவம் பேஸ்பால் திடலிலேயே ஆடினார்கள், புல்லும் மண்ணும் கலந்த, காற்பந்துக்கு ஏற்படாத ஒரு மூலைத் திடல். அதில் ஆடியே 2017, 2018 இரண்டு வருடமும் யுஎஸ்எல் என்ற தங்கள் லீக்கின் பட்டத்தை வென்றார்கள். கூட்டம் சேர்கிறது, ஊர் ஏற்றுக்கொண்டது என்று தெரிந்த பிறகுதான் நகர மன்றத்திடம் போனார்கள். 2017இல் நகரம் நிலத்துக்காக 3 கோடி டாலர் கடன் பத்திரம் எடுக்க ஒப்புக்கொண்டது, அதில் ஒரு பகுதியை கிளப் திருப்பிக் கட்ட வேண்டும், அரங்கத்தை கிளப்தான் கட்ட வேண்டும் என்று பேச்சு. பழைய தொழிற்பேட்டை நிலத்தில், சுமார் 15,000 பேருக்கான அரங்கம் 2020இல் திறந்தது. 2021இல் அதே அரங்கில் பெண்கள் அணியும் வந்துவிட்டது. கவனியுங்கள், முதலில் ஆட்டம், அப்புறம் ரசிகர், அதற்கப்புறம்தான் செங்கல். நம் ஊரில் முதலில் பத்திரிகையாளர் கூட்டம், அடுத்து ஜெர்சி வெளியீடு, அதற்கடுத்து சம்பள பாக்கி.

இன்னொரு விஷயம். அந்தக் கிளப்பைத் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஒரு கட்டடக் கலைஞர். 2018 நவம்பரில் சிறு விமான விபத்தில் இறந்துபோனார். அரங்கம் பாதிகூட எழும்பாத நேரம். நம் ஊராக இருந்தால் கிளப்பையும் சேர்த்து எடுத்திருப்பார்கள். அங்கே பணமும் பொறுப்பும் பல பேர் கையில் பிரிந்து இருந்ததால் வேலை நிற்கவில்லை. உரிமையாளர் குழு என்பதன் லாபம் இதுதான். ஒருவர் சலித்துப்போனாலோ, கடனில் மூழ்கினாலோ, செத்தே போனாலோ, அணி அடுத்த சனிக்கிழமை ஆட வேண்டும்.

குழு என்றால் போதுமா என்றால் போதாது. ராச்செஸ்டர் என்று நியூயார்க் மாநிலத்தில் ஓர் ஊர், கோடாக் கம்பெனியின் ஊர். அந்த ஊர் அணி 1999இல் மேல் லீக் அணிகளையே தோற்கடித்து அமெரிக்காவின் ஓப்பன் கிண்ணத்தை வென்றது. ஆயிரக்கணக்கில் கூட்டம் வந்தது. மேல் லீக் நம்மைக் கூப்பிடும் என்ற நம்பிக்கையில் 2006இல் தனி அரங்கம் கட்டினார்கள். யாரும் கூப்பிடவில்லை. கடன், உரிமையாளர் மாற்றம், காலியான இருக்கைகள், 2017க்குப் பிறகு ஆட்டமே இல்லை. ஐந்து வருடம் கழித்து இங்கிலாந்து ஆட்டக்காரர் ஜேமி வார்டியும் சேர்ந்து அதை எழுப்பிப் பார்த்தார், ஒரு பருவத்துக்கு மேல் ஓடவில்லை. பெரிய பெயர் ஒன்று பங்குதாரராக வந்ததால் கிளப் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் ராச்செஸ்டரைச் சொல்லுங்கள்.

அமெரிக்காவிடம் எல்லாவற்றையும் கற்றுக்கொள்ள முடியாது. அங்கே லீக்கில் இடத்தைப் பணம் கட்டி வாங்குகிறார்கள், தோற்றாலும் கீழே இறக்குவதில்லை (இந்த யுஎஸ்எல்லில் அதை மாற்றலாம் என்று 2025இல்தான் முடிவெடுத்திருக்கிறார்கள்), அதனால் நீண்ட காலத்துக்குத் திட்டம் போட முடிகிறது. பெரிய பெரிய பணக்காரர்களும் அங்கே அதிகம். ஆனால் ஒரு விதி மட்டும் அப்படியே தூக்கிக்கொண்டு வரலாம். இரண்டாம் பிரிவில் ஒரு கிளப் வேண்டுமென்றால் முதன்மை உரிமையாளருக்கு 2 கோடி டாலர் சொத்து இருக்க வேண்டும், கிளப்பில் குறைந்தது 35 சதவீதம் அவரிடம் இருக்க வேண்டும், அரங்கில் 5,000 பேராவது உட்கார வேண்டும் என்று அந்நாட்டுச் சங்கம் வரையறுத்திருக்கிறது. அதோடு ஏழரை லட்சம் டாலர் உத்தரவாதத் தொகை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். உரிமையாளர் பருவத்தின் நடுவில் ஓடினால் அந்தப் பணத்தை எடுத்து மிச்ச ஆட்டங்களை நடத்தலாம், பாக்கியைக் கொடுக்கலாம். அதாவது வாடகை வீட்டுக்கு முன்பணம் கொடுக்காமல் சாவி கிடைக்குமா? நாம் ஒரு மாநிலத்தின் நூறு வருடப் பெயரையே முன்பணம் இல்லாமல் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நம் லீக்கிலும் உரிமம் உண்டு, ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பு விதிப்படி நிதி, திடல், இளையோர் அணி, நிர்வாகம் எல்லாம் பார்த்துத்தான் கொடுக்கிறார்கள். அதில் தவறியதால்தான் இத்தனை அணிகள் வெளியே நிற்கின்றன என்பது உண்மை, அந்த அளவுக்கு விதி வேலை செய்கிறது. ஆனால் கிளப் விழுந்த பிறகு கதவை மூடுவதில் ஆட்டக்காரருக்கு என்ன லாபம்? என் வேன் ஓட்டுகிற தம்பிக்கு ஆறு மாதப் பாக்கியை யார் கொடுப்பார்கள்? முதலிலேயே ஒரு பருவச் சம்பளத்தைத் தனிக் கணக்கில் போட்டுவிட்டு வா என்று சொன்னால், பாதிப் பேர் வரவே மாட்டார்கள். வராமல் போகட்டும், அதுதான் நல்லது.

இனி நம் பக்கம். சுங்கை சிப்புட்டில் இருந்துகொண்டு கூட்டு உரிமை பற்றிப் பேசும்போது எங்கள் ஊர்க்காரரான, ம.இ.கா. தலைவராக இருந்த துன் சம்பந்தனைச் சொல்லாமல் எப்படி? சுதந்திரத்துக்குப் பிறகு வெள்ளைக்காரன் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுக்கொண்டிருந்தபோது, லயத்து வீடுகளையும் வேலையையும் இழந்து நம் ஜனங்கள் தெருவுக்கு வந்தார்கள். அவர் தோட்டம் தோட்டமாகப் போய், பால்வெட்டுகிற கையிடம் இருந்தே மாதம் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கி, 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். கெடாவில் புக்கிட் சீடிம் தோட்டத்தை வாங்கினார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் தோட்ட முதலாளிகள் ஆனார்கள். அது நடந்தது, கதையில்லை, இன்றும் சங்கம் இருக்கிறது.

அதே ஜனங்களின் அதே மாதிரிப் பணம் 1980களில் ம.இ.கா. தொடங்கிய முதலீட்டு நிறுவனமான மைக்கா ஹோல்டிங்சுக்கும் போனது. தாலியை அடகு வைத்துப் பங்கு வாங்கியவர்களை எங்கள் தோட்டத்தில் எனக்கே தெரியும். 10 கோடி வெள்ளிக்கு மேல் திரண்டது. 2010இல் கடைசியாக ஒரு நிறுவனம் பங்குக்கு 80 சென் என்று விலை சொன்னபோது, 1 வெள்ளி போட்ட பாதிப் பேர் உயிரோடு இல்லை. ஆகவே கூட்டாகச் சேர்ந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் மேடைப் பேச்சு பேச வரவில்லை. முதலாவதில் போட்ட பணம் நிலமாகக் கண்முன்னே நின்றது, தோட்டத்துக்குப் போய் மரத்தைத் தொட்டுப் பார்க்கலாம். இரண்டாவதில் பணம் எங்கே போய் எதுவாக மாறியது என்று பங்குதாரருக்கே விளங்கவில்லை. காற்பந்து கிளப் இந்த இரண்டில் எந்தப் பக்கம் சாயும் என்றால், சும்மா விட்டால் இரண்டாவது பக்கம்தான். ஆட்டக்காரர் ஒப்பந்தம் காலாவதியாகும், ஜெர்சி கிழியும், அரங்கம் மாநகர் மன்றத்துடையது. தொட்டுப் பார்க்க என்ன இருக்கிறது?

அதனால்தான் நிலம் முக்கியம் என்கிறேன். ஈப்போவில் பேராக் அரங்கம் இருக்கிறது, பெரிது, அதைச் சொந்தமாக்கிக்கொள்ளும் வசதி எந்தக் கிளப்புக்கும் வராது, வரவும் வேண்டாம். ஆனால் பயிற்சித் திடல் ஒன்றாவது கிளப்பின் பெயரில், நீண்ட காலக் குத்தகையில், முதலாளி போனாலும் விற்க முடியாதபடி இருக்க வேண்டும். அந்தத் திடல் ஈப்போவிலேயே இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. நம் தோட்டங்களில் ஒரு காலத்தில் கோயிலுக்கும் தமிழ்ப்பள்ளிக்கும் நடுவே கட்டாயம் ஒரு பாடாங் இருக்கும், சாயந்திரம் ஐந்து மணிக்கு மேல் பால்வெட்டுக்காரர், மண்டோர், டிரைவர் என்று எல்லோரும் இறங்குவார்கள், தோட்டத்துக்குத் தோட்டம் எழுவர் போட்டி நடக்கும், பரிசு ஒரு ஹேம்பரும் கொஞ்சம் வீறாப்பும். அந்த மாதிரித் திடல்களில் இருந்துதான் நாட்டுக்கு ஆட்டக்காரர்கள் வந்தார்கள். மியூனிக் ஒலிம்பிக்குக்குப் போன எம். சந்திரன், நீண்ட கைகளால் கோலைக் காத்த ஆர். ஆறுமுகம், 2010இல் தென்கிழக்காசிய அணிகளுக்கான சுசுக்கி கிண்ணத்தை வாங்கிக் கொடுத்த பயிற்றுநர் கே. ராஜகோபால், பின்னால் எஸ். குணாளன் என்று அந்தத் தலைமுறைகளின் பெயர்களை நம்மவர்கள் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இன்று எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பாடாங்கில் பாதி இடத்தில் உரமூட்டை அடுக்கியிருக்கிறார்கள், மீதியில் லோரி திருப்புகிறார்கள். கோல் கம்பம் ஒன்று இன்னும் நிற்கிறது, அதில் யாரோ துணி காயப்போடுகிறார்கள்.

சனிக்கிழமைகளில் நான் பன்னிரண்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன், சான்றிதழ் ஒன்றும் பெரிதாக இல்லை, ஆர்வம்தான். அதில் ஒரு பெண் பிள்ளை இருக்கிறாள், இடது கால், பந்தை வாங்கும்போதே அடுத்து எங்கே அனுப்புவது என்று தெரிந்து வைத்திருக்கிறாள், பையன்கள் அவளைச் சுற்றி ஓடிக் களைக்கிறார்கள். இன்னும் இரண்டு வருடத்தில் அவளை எங்கே அனுப்புவேன்? லூயிவில்காரர்கள் பெண்கள் அணியை அதே அரங்குக்குக் கொண்டுவர ஆறு வருடம்தான் எடுத்தார்கள். பேராக்கை வாங்க வருகிறவர்கள் இதைப் பற்றி ஒரு வார்த்தையாவது பேசட்டும், பெரிய வாக்குறுதி வேண்டாம், எந்த வருடம் என்று சொன்னால் போதும்.

மக்களும் பங்கு வாங்கலாமா என்று என் நண்பர்கள் கேட்கிறார்கள். வாங்கலாம். டென்னசியில் சட்டனூகா என்ற சின்ன ஊர் கிளப் 2019இல் பங்கு ஒன்று 125 டாலர் என்று பொதுமக்களுக்கு விற்றது, ஆயிரக்கணக்கானவர்கள் வாங்கினார்கள். ஜெர்மனியில் பெரும்பாலான கிளப்புகளில் பாதிக்கு மேல் ஓட்டு உறுப்பினர்கள் கையில், முதலாளி எவ்வளவு பணம் போட்டாலும் தனியாக முடிவெடுக்க முடியாது. நம்மால் பாதி முடியாது. பத்து சதவீதம் வாங்கி, அதற்கு இயக்குநர் வாரியத்தில் ஒரு நாற்காலி கேட்கலாம். அந்த நாற்காலியில் உட்காருகிறவர் ஆண்டுக்கு இரண்டு முறை கணக்கைப் பத்திரிகையில், மலாயிலும் தமிழிலும் சீனத்திலும் போட வைக்க வேண்டும், ஆட்டக்காரர் சம்பளம் எந்த மாதம் வரை கட்டியாச்சு, சேமநிதி எந்த மாதம் வரை, அவ்வளவுதான், இரண்டு வரி. லாப நட்டம் எல்லாம் அப்புறம். பங்குக்கு லாபம் வரும் என்று யாராவது விற்க வந்தால் மட்டும் நம் ஜனங்கள் கதவைச் சாத்திவிட வேண்டும், காற்பந்துப் பங்கில் லாபம் வராது, அந்தப் பணம் திரும்பாது என்று தெரிந்தே போடுகிறவர்கள் மட்டும் போடட்டும்.

அப்புறம் எந்த லீக்கில் ஆரம்பிப்பது என்ற கேள்வி. நேராக சூப்பர் லீக்குக்கு வர வேண்டும் என்று ஈப்போக்காரர்கள் அடம் பிடிப்பார்கள், பேராக் என்ற பெயருக்குக் கீழே ஆடுவது கேவலம் என்பார்கள். என்னைக் கேட்டால் அதற்குக் கீழே இருக்கிற ஏ1 செமி புரோ லீக்கில் இரண்டு மூன்று வருடம் ஆடட்டும். பையன்கள் பகலில் வேலைக்குப் போகலாம், சாயந்திரம் பயிற்சி, சம்பளச் சுமை குறைவு, உள்ளூர் பையன்களுக்கு இடம் கிடைக்கும். மூவாயிரம் பேர் வந்து பார்க்கிறார்களா என்று தெரிந்துகொண்டு அப்புறம் மேலே போகலாம். கூச்சிங் சிட்டி 2015இல் ஒன்றுமில்லாமல் தொடங்கி, கீழ் லீக்கில் கிடந்து, படிப்படியாகத்தான் சூப்பர் லீக்குக்கு வந்தது. அவர்களுக்குக் கேவலமாக இருக்கவில்லையே.

ஆசிரியர் அவர்களே, உங்கள் விளையாட்டுப் பக்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த மாதிரி யாராவது வாங்க வருகிறார்கள் என்று செய்தி வந்தால், கை குலுக்குகிற படத்தோடு நிறுத்திவிடாதீர்கள். நிறுவனத்தின் பெயர், அதில் யார் யாருக்கு எவ்வளவு பங்கு, இதற்கு முன் எந்தக் கிளப்பை வைத்திருந்தார்கள், அந்தக் கிளப் இப்போது எங்கே என்று கேட்டுப் போடுங்கள். நிறுவனப் பதிவகத்தில் சில வெள்ளி கட்டினால் பாதி விவரம் கிடைத்துவிடும். பதில் சொல்லவில்லை என்றால், சொல்லவில்லை என்றே போடுங்கள், எங்களுக்கு அதுவே போதும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம், ஆனால் எங்களைப் போன்ற தோட்டப்புற ஊர்களுக்கு இதுதான் பெரிது. இரவு 9 மணிக்கு ஆட்டம் வைத்தால் முடிய 11 ஆகிறது. அந்நேரத்துக்கு ஈப்போவில் இருந்து எங்கள் பக்கம் பஸ் கிடையாது. கார் உள்ளவன் மட்டும் போகிறான், பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டுப் போகிறான். புது உரிமையாளர்கள் யாராக இருந்தாலும் ஆட்ட நாளில் சுங்கை சிப்புட், குவாலா கங்சார் ஒரு பஸ், பீடோர், தாப்பா ஒரு பஸ், தெலுக் இந்தானில் இருந்து ஒன்று என்று விடட்டும், இல்லையென்றால் ஞாயிறு மாலையில் ஆட்டத்தை வைக்கட்டும். பஸ்ஸுக்கு டிக்கெட்டில் 5 வெள்ளி கூடுதலாக வாங்கினாலும் பரவாயில்லை, நாங்கள் கொடுத்துவிட்டு ஏறிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
டயர் கடைக்காரர் ஒருவர்,
சுங்கை சிப்புட் (வ), பேராக்.